ஓல்டமைட்: விண்கல்லில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கல்லை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் வேலைக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த இடத்திலேயே அவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். கையுறை போடுங்கள், மாதிரி எண்ணைச் சரியாக எழுதுங்கள் என்பதெல்லாம் எந்த ஆய்வகத்திலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள். இங்கே எழுதுவது, ஈரம் பட்டால் சிதையும் ஓல்டமைட் என்ற கனிமம் உள்ள கல்லையே கெடுத்துவிடும் தவறுகளைப் பற்றி.

1852 டிசம்பர் 2 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே ஒரு விண்கல் விழுந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கனிமங்களின் காப்பாளராக இருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கலின் அதற்குள் வெளிர் பழுப்பு நிறத்தில் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை கால்சியம் சல்பைடு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைத் தொடக்கத்தில் நடத்திய தாமஸ் ஓல்டம் நினைவாக அதற்கு ஓல்டமைட் என்று பெயர் வந்தது. அந்த உருண்டைகளின் மேல் கால்சியம் சல்பேட் படர்ந்திருந்தது. முதன்முதலாகக் கண்ணில் பட்டபோதே கனிமம் சிதையத் தொடங்கியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பூமியின் பாறைகளில் கால்சியம் பெரும்பாலும் ஆக்சிஜனோடுதான் கூட்டுச் சேரும். ஆக்சிஜன் வெகு அரிதான சூழலில் மட்டுமே அது கந்தகத்தைத் தேடிப் போகும். விண்கற்களில், அப்படிப்பட்ட சூழலில் உருவான இரண்டு வகைகளில்தான் ஓல்டமைட்டைப் பெரும்பாலும் காண்கிறோம்: என்ஸ்டட்டைட் என்ற மக்னீசியம் சிலிகேட் மிகுந்த, முழுதாக உருகாத என்ஸ்டட்டைட் காண்ட்ரைட்டுகள், அதே கனிமம் மிகுந்த, ஒருமுறை உருகி உறைந்த ஆப்ரைட்டுகள்.

உருகுநிலையைப் பார்த்து ஏமாறுவது

தூய கால்சியம் சல்பைடு உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அட்டவணையில் இந்த எண்ணைப் பார்த்தவுடன் "உறுதியான கனிமம்" என்று குறித்துக்கொள்கிறார்கள். வெப்பத்தைத் தாங்குவது வேறு, ஈரத்தைத் தாங்குவது வேறு. இதன் அணுக்கட்டமைப்பு சமையல் உப்பினுடையதேதான். மோஸ் அளவில் கடினம் 4, அடர்த்தி சுமார் 2.6. ஈரக்காற்றே இதைச் சிதைக்கப் போதும்.

தண்ணீர்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

சாதாரணப் பாறையை வைர ரம்பத்தில் அறுக்கும்போது பிளேடு சூடாகாமலிருக்கத் தண்ணீர் விடுவார்கள். தேய்க்கும் தட்டிலும் தண்ணீர்தான். கருங்கல்லுக்கும் பசால்ட்டுக்கும் அதனால் ஒரு குறையும் வராது. ஓல்டமைட் தண்ணீரைத் தொட்டதும் வினைபுரிகிறது: கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறுகிறது, கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அந்த ஹைட்ராக்சைடைக் கால்சைட்டாக்குகிறது. மிச்சமிருப்பதை அடுத்த சுற்றுத் தேய்ப்பு கழுவிக் கொண்டுபோய்விடும்.

ஒரு மாணவர் ஆப்ரைட் துண்டு ஒன்றை, சாதாரணப் பாறைகளை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான மெல்லிய சீவல்களாக்கும் பட்டறைக்கு அனுப்பினார். எந்தத் திரவம் பயன்படுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதவில்லை. பட்டறைக்காரர்கள் தங்கள் வழக்கப்படி நேர்த்தியாகவே செய்து கொடுத்தார்கள். சீவல் கண்ணாடிபோல் பளபளத்தது. நுண்ணோக்கியில் வைத்தால் வெளிறிய என்ஸ்டட்டைட்டுக்கு நடுவே வட்ட வட்டமாகக் குழிகள். சில குழிகளின் விளிம்பில் மட்டும் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. மாணவர் அந்தக் குழிகளை அளந்து, நுண்துளை விகிதம் கணக்கிட்டு, கல்லில் கால்சியம் குறைவு என்று முடிவெழுதி, அந்தக் கல் உடைந்து வந்த தாய்க்கோள் எப்படிக் குளிர்ந்தது என்பது வரை விளக்கம் தயாரித்துக்கொண்டு வந்தார். அதே துண்டின் மறுபாதியைத் தண்ணீர் படாமல் அறுத்து மெருகேற்றினோம். குழிகள் இருக்க வேண்டிய இடங்களில் பழுப்பு மணிகள் இருந்தன.

கனிமம் அழிந்தது ஒரு நஷ்டம். அழிந்த இடம் ஒரு கண்டுபிடிப்பைப்போல் வேடமிட்டு நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்தக் குழி தனக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லாது, சீவலில் கால்சியம் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமும் சொல்லாது. விளிம்பில் கால்சைட்டோ ஹைட்ராக்சைடோ இருக்கிறதா, குழிகள் எல்லாம் ஒரே வகைக் கனிமங்களின் அருகில்தான் விழுந்திருக்கின்றனவா என்று தேடினால்தான் உண்மை தெரியும்.

என்ஸ்டட்டைட் காண்ட்ரைட்டின் பருமனில் ஓல்டமைட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கலாம். ஆனால் கல்லிலுள்ள அருமண் தனிமங்களில் பெரும்பகுதி அந்தச் சிறு பங்குக்குள்தான் அடங்கியிருக்கிறது. சாதாரணமாகச் சிலிகேட்டுகளையும் பாஸ்பேட்டுகளையும் நாடும் லாந்தனமும் சமாரியமும் இங்கே சல்பைடுக்குள் போய்ச் செறிகின்றன. தண்ணீர் ஓல்டமைட்டை எடுத்துச் செல்லும்போது அவையும் இடம்பெயர்கின்றன. பிறகு அந்தச் சீவலில் எடுக்கும் அருமண் அளவுகள் விண்கல்லின் வரலாற்றைச் சொல்வதில்லை, ரம்பத்தின் வரலாற்றைச் சொல்கின்றன.

தண்ணீர் கூடாது என்று தெரிந்தவர்களும் ஸ்பிரிட் பாட்டிலில் தவறுகிறார்கள். ஆய்வக அலமாரியில் இருக்கும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் ஏறக்குறைய 5 சதவீதம் தண்ணீர்தான். வேண்டியது நீரற்ற எத்தனால். அதுவும் மூடி திறந்த நாளிலிருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும், ஆகவே சிறு பாட்டிலாக வாங்குங்கள். வைரத்தூள் பசையில் எண்ணெய் அடிப்படையிலானதைத் தேர்ந்தெடுங்கள். கடைசி மெருகுக்குப் பலரும் எடுக்கும் கூழ்ம சிலிக்கா தண்ணீரில் மிதப்பது. அதுவரை காப்பாற்றி வந்த மணிகளை அந்தக் கடைசிச் சில நிமிடங்கள் தின்றுவிடும். அறுப்பதற்குத் தண்ணீர் கலவாத எண்ணெய் பயன்படுத்தலாம், பிறகு அதை ஹெக்சேனில் கழுவலாம். எத்தனாலும் ஹெக்சேனும் தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும், அருகில் தீப்பொறி கூடாது.

அழுகிய முட்டை நாற்றம்

வந்தால் ரம்பத்தை நிறுத்துங்கள்: ஓல்டமைட் சிதைந்து வெளியேறும் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் அது.

கால்சியம் சல்பைடு என்றாலே விண்கல் என்று நினைப்பது

இரும்பு உருக்கும் உலைக் கசடிலும் கால்சியம் சல்பைடு உண்டு. எரிந்து கிடக்கும் நிலக்கரிக் குவியல்களிலும் ஓல்டமைட் உருவாகிறது. கசடுத் துண்டை ஈரப்படுத்தினால் அதே நாற்றம்தான் வரும். விண்கல் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கையில் பெரும்பாலும் கசடைத்தான் பார்க்கிறேன். நிக்கல் கலந்த இரும்பு உண்டா, இரும்பே கலவாத என்ஸ்டட்டைட் உண்டா, டாப்ரீலைட் போன்ற குரோமியச் சல்பைடு கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக நிற்கும் கால்சியம் சல்பைடை வைத்து எதையும் நிறுவ முடியாது.

மழையில் கிடந்த கல்லில் தேடுவது

பாலைவனத்தில் நெடுங்காலம் கிடந்த என்ஸ்டட்டைட் காண்ட்ரைட்டை விலை மலிவு என்று வாங்கி, ஓல்டமைட் இல்லை என்று வருத்தப்படுவார்கள். விழுந்ததைக் கண்டு உடனே எடுத்த கற்களில் தேடுங்கள்: 1948இல் அமெரிக்காவில் விழுந்த நார்ட்டன் கவுண்டி, 1952இல் கனடாவில் விழுந்த அபீ. 2024 ஜனவரி 21 அன்று பெர்லினுக்கு அருகே விழுந்த ரிப்பெக் ஆப்ரைட் நல்ல பாடம். ஈர நிலத்தில் சில நாட்கள் கிடந்த துண்டுகளிலேயே உலோகமும் சல்பைடுகளும் மாறத் தொடங்கியிருந்தன. பண்டைய கல் என்பது புதிய ஈரத்திலிருந்து அதைக் காப்பாற்றுவதில்லை.

புதன் கோளில் "கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதுவது

இல்லை. புதன் கோளைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் மேற்பரப்பில் கந்தகம் 4 சதவீதம் வரை இருப்பதையும், கந்தகம் கூடும் இடங்களில் கால்சியமும் கூடுவதையும் காட்டியது. ஓல்டமைட் போன்ற சல்பைடு இருக்கலாம் என்பது அதிலிருந்து பெற்ற ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம் என்றே எழுதுங்கள்.

மெருகேற்றிய சீவலை மேசையில் விட்டுப் போவது

மெருகேறிய முகம்தான் கல்லிலேயே அதிகம் திறந்து கிடக்கும் முகம். மின்னணு நுண்ணோக்கிக்காகப் பூசும் கார்பன் படலம் காவல் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முடிந்த கையோடு சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலனில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் முதலில் அதைக் காயவைத்துவிட்டு வையுங்கள். மழைக்காலத்தில் முடிந்தவரை மெருகேற்றிய அன்றே படமும் அளவீடும் எடுத்துவிடுங்கள். சீவலின் பின்புறச் சீட்டில் எந்தத் திரவத்தில் அறுத்தது, எந்தத் திரவத்தில் மெருகேற்றியது, என்ன தேதி என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத சீவலைக் கையில் வைத்துக்கொண்டு "இந்தக் கல்லில் ஓல்டமைட் இல்லை" என்று எழுத யாருக்கும் ஆதாரம் கிடையாது.