பழைய வாள் வீட்டில் இருந்தால் செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றில் பெட்டகத்தின் அடியிலிருந்து வாள் வெளிப்பட்டால், வீட்டார் முதலில் தேடுவது தேசிக்காயைத்தான். குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் இட்டு விளக்கிப் பழகிய கை, இரும்பையும் அவ்வாறே விளக்கப் புறப்படுகிறது. சேகரிப்போர் செய்யும் தவறுகளுள் திருத்தவே முடியாதது இது. புளிப்பு, கறளை மட்டும் கரைத்து நிற்பதில்லை. அடியிலுள்ள உருக்கையும் அரித்து, அலகில் இட்ட முத்திரையையும் மங்கச் செய்கிறது. சாண்ட் பேப்பர் அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். இறுகப் படிந்த கருநிறப் படலத்தைத் தொடாமல் விட்டு, உதிரும் செங்கறளை மட்டும் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் பல நாள் பொறுமையோடு துடைத்தெடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் பாட்டனாரின் வாளைக் கிரைண்டரில் கொடுத்து, கண்ணாடிபோல் மின்னச் செய்து கொண்டுவந்து காட்டினார். பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் காறலெடுத்து அமிலத்தன்மை பெறும், நல்லெண்ணெய் பிசினாகிவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் போதுமானது. தோலுறைக்குள்ளேயே வாளைச் செருகி வைப்பதும் தவறு: தோலைப் பதனிட்ட பொருள்களும், அது உறிஞ்சும் மாரிகால ஈரமும், நம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அலகைத் தின்னும். உறையைத் தனியே வைக்கலாம்.

காலக்கணிப்பில் நிகழும் தவறு வேறு வகையானது. இங்கே பழைய வாள் எதுவானாலும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் காலத்தது என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஆட்சி 1619இல் போர்த்துக்கேயரிடம் முடிந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். ஆகவே வீ, ஓ, சீ ஆகிய எழுத்துகள் பின்னிய ஒல்லாந்தக் கம்பனி முத்திரை அலகில் இருந்தால், அந்தக் கதை நிற்காது. அம்முத்திரையும் அலகுக்கு மட்டுமே சாட்சி, பிடிக்கு அன்று. சிங்கமுகப் பிடி கொண்ட கஸ்தானே வாள்கள் பலவற்றில் ஐரோப்பிய அலகே பொருத்தப்பட்டிருந்தது. அவற்றுட் பல, அந்நிய ஆட்சியின்கீழ் உள்ளூர் அதிகாரிகளாக இருந்த முதலியார்கள் பதவிச் சின்னமாக அணிந்தவை, போர்க்களம் காணாதவை. அலகின் நடுவே ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்கு என்பதும் கட்டுக்கதையே. எடையைக் குறைக்கவே அது இடப்பட்டது.

சட்டத்தை மறப்பது இறுதித் தவறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டிக்கு இது முக்கியமாகப் பொருந்தும். கிணறு வெட்டும்போது மண்ணிலிருந்து கிடைத்த பழைய வாள் அரசுக்குரியது. அதை அறிவிக்க வேண்டும். வாள்வெட்டுச் செய்திகள் ஓயாத இவ்வூரில், வீட்டு வாளையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு கொல்லரைத் தேடிப் போகாதிருப்பது நல்லது. அறிந்தவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டலாம்.