விருந்தில் அந்தச் சொல் விழுந்தால்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் வீடு. சாப்பாட்டு நேரம் யாரோ ‘தோட்டக்காட்டான்’ என்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்ய வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் சொல் அது. நாலு பேர் சிரிக்கிறார்கள். முதல் வேலை, நீங்கள் சிரிக்காமல் இருப்பது. கடினமானதும் அதுதான். அடுத்த கதை தொடங்குமுன் மெதுவாகக் கேளுங்கள்: “மாமா, அப்பிடியெண்டா என்ன? விளங்கேல்லை.” விளக்க வெளிக்கிட்டால் பகிடி செத்துப்போகும். “சும்மா பகிடிக்கு” என்றால், “எனக்குப் பிடிக்கேல்லை மாமா” போதும். நெஞ்சு படபடக்கும், குரல் நடுங்கும். அதனால் வசனத்தை முன்பே சுருக்கி வைத்திருங்கள்.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தை அங்கே இழுக்காதீர்கள். பட்டிமன்றமாகிவிடும், பலர் முன்னால் தோற்க மூத்தவர் விரும்பார். வாசலில் செருப்புப் போடும்போது தனியே சொல்லலாம்.

மலையகத்தவர் ஒருவர் சபையில் இருந்தால் அவரைப் பார்த்துப் பேசவேண்டாம். எல்லாக் கண்ணும் அவர்மேல் திரும்பும்.