வெளிநாட்டு நகராட்சியோடு கூட்டு: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு செய்முறை

ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளோ மண்டபம், தொண்டி பேரூராட்சிகளோ வெளிநாட்டு உள்ளாட்சி ஒன்றோடு சேர்ந்து வேலை செய்ய நினைத்தால், ‘சகோதர நகரம்’ என்ற பட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984 முதல் அந்த உறவு உண்டு. பெருநகரத்துக்கு அது பெருமை சேர்க்கும். பத்து இருபது அலுவலர்களை வைத்துக்கொண்டு ஊரை நடத்தும் சிறிய உள்ளாட்சிக்குப் பொன்னாடையும் புகைப்படமும் போதாது. குப்பை, கழிவுநீர், குடிநீர் இவற்றில் ஒன்றாவது சீராக வேண்டும். அதனால் ஒரு சிக்கலை மட்டும் எடுத்து, அதை அளந்துகொண்டு தொடங்குவதே சரி.

முதலில் அளவு

ராமேஸ்வரத்துக் குப்பையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளும் ஆடி அமாவாசையும் அங்கே ஒன்றல்ல. ஆகவே எட்டு நாள் கணக்கு எடுங்கள்: தொடர்ந்து ஏழு நாள், அதோடு ஓர் அமாவாசை. ஒவ்வொரு வண்டியையும் எடைமேடையில் ஏற்றி, காலி வண்டியின் எடையைக் கழித்து எழுதுங்கள். பிறகு தினமும் ஒரு வண்டிக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிக் கலக்கி, நான்கு கூறாக்கி, எதிரெதிர் இரண்டு கூறுகளை ஒதுக்குங்கள். மிஞ்சிய இரண்டையும் மறுபடி கலக்கி அப்படியே செய்யுங்கள். சுமார் 100 கிலோ வரும்வரை இதைச் செய்து, மக்கும் குப்பை, பிளாஸ்டிக், துணி, மணல், மற்றவை என்று பிரித்து எடை போடுங்கள்.

அக்னி தீர்த்தத்தில் பக்தர்கள் விட்டுப்போகும் துணியைத் தண்ணீர் வடிந்த பிறகே நிறுக்க வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு மொத்தமும் புரண்டுவிடும். கடற்கரைத் தெருக்களைக் கூட்டும்போது மணலும் அள்ளிக்கொண்டு வரும். அதைத் தனிக் கூறாகக் காட்டாவிட்டால், உரமாக்கும் திட்டம் போடும் வெளிநாட்டுப் பொறியாளர் எல்லாவற்றையும் மக்கும் குப்பை என்று நினைத்து இரண்டு மடங்கு பெரிய கூடம் வரைந்து தருவார்.

இந்தக் கணக்கோடு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயார் செய்யுங்கள்: ஊர், சிக்கல், அளவு, இதுவரை செய்து பார்த்தது, அது ஏன் நிற்கவில்லை. ‘ஏன் நிற்கவில்லை’ என்பதை மறைக்காமல் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்து அலுவலர் முதலில் தேடிப் படிப்பது அதைத்தான்.

யாரோடு சேர்வது

பெயர் பெற்ற நகரத்தைத் தேட வேண்டாம். மணல் கரை, ஆழமில்லாத நிலத்தடி நீர், பருவத்துக்குப் பருவம் வந்து குவியும் வெளியூர்க் கூட்டம், சிறிய வரவு செலவு: இவற்றில் மூன்றாவது பொருந்தும் ஊர் போதும். தேடுவதற்குச் சில வாசல்கள் உண்டு. ஜெர்மனியில் பான் நகரத்திலிருந்து இயங்கும் ‘ஒரே உலகின் உள்ளாட்சிகள்’ சேவை மையம், நெதர்லாந்து நகராட்சிகள் சங்கத்தின் சர்வதேசப் பிரிவு, கனடா நகராட்சிகள் கூட்டமைப்பு, ஜப்பான் உள்ளாட்சிகளின் சர்வதேச உறவுகளுக்கான அமைப்பான கிளேர், 1987-இல் தொடங்கிய ஆசிய பசிபிக் வலையமைப்பான சிட்டிநெட், நீடித்த வளர்ச்சிக்கான உள்ளாட்சிகளின் உலக வலையமைப்பான இக்லியின், டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் தெற்காசியப் பிரிவு. முதல் கடிதத்தை இக்லி போல உள்நாட்டில் அலுவலகம் உள்ள அமைப்புக்கு அனுப்புவது எளிது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அறிமுகம் செய்துவைக்கட்டும், மொழிபெயர்க்கட்டும். ஒப்பந்தமும் பணமும் அவர்கள் கை வழியாகப் போகக் கூடாது. தனி மனிதர் விலகினால் கூட்டும் அதோடு போய்விடும்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். மன்னார் கரை ஊர்களோடு சேரத் தோன்றுவது இயல்பு. மொழியும் கடலும் ஒன்று. ஆனால் 1974, 1976 கடல் எல்லை உடன்பாடுகளும் மீனவர் கைதுகளும் இரு அரசுகளுக்கு இடையே நிற்கின்றன. மீன்பிடி உரிமை, கச்சத்தீவு, படகு விடுவிப்பு பற்றி வரைவில் ஒரு சொல் வந்தாலும் கோப்பு நகராது. அவை உள்ளாட்சியின் அதிகாரத்திலும் இல்லை. கடற்கரைத் துப்புரவு, புயல் முன்னெச்சரிக்கை, நூலகம் என்று எல்லையைக் குறுக்கினால்தான் அனுமதி கேட்கவே இடம் கிடைக்கும். முதல் கூட்டாக இதை எடுக்காமல், வேறொரு நாட்டோடு ஒரு முறை நடத்திப் பழகிய பின் எடுப்பது நல்லது.

அனுமதியின் வரிசை

வெளிநாட்டோடு உடன்பாடு செய்வது, அரசியலமைப்பில் ஒன்றிய அரசுக்கு உரிய அதிகாரங்களைச் சொல்லும் ஒன்றியப் பட்டியலின் 14-ஆம் இனம். எனவே கையெழுத்து கடைசியில்தான். நகர்மன்றத் தீர்மானம், ஆணையரின் குறிப்பு, நகராட்சி நிர்வாக இயக்குநரகம் (பேரூராட்சி என்றால் பேரூராட்சிகள் இயக்குநரகம்), தலைமைச் செயலகத்தில் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, அங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் மாநிலங்கள் பிரிவு. மாவட்ட ஆட்சியருக்குத் தொடக்கத்திலேயே நகல் கொடுத்துவிடுங்கள். தீர்மானத்தில் ‘ஒப்பந்தம் செய்ய’ என்று எழுதாமல், ‘அரசின் அனுமதி பெற்றுப் புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட’ என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி தவறினாலே கோப்பு திரும்பி வரும்.

வரைவு மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரே துறை, மூன்றாண்டுக் காலம், இரு பக்கமும் பதவிப் பெயரோடு இரண்டிரண்டு பொறுப்பாளர்கள், அவரவர் செலவு அவரவருக்கு, 90 நாள் அறிவிப்பில் விலகும் உரிமை, சட்டப்படி கட்டுப்படுத்தாது என்ற வரி. இவை இருந்தால் போதும். வெளிநாட்டு நீதிமன்றம், நடுவர் மன்றம், நஷ்டஈடு என்று எதிர்த்தரப்பு வரைவில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

பணத்தில்தான் பலரும் சறுக்குவது. வெளிநாட்டுப் பணத்தைத் தொண்டு நிறுவனம் வாங்கி நகராட்சிக்குக் கைமாற்றிக் கொடுக்கட்டும் என்பார்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், பெற்ற தொகையை வேறொருவருக்கு மாற்றக் கூடாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் மூன்றாண்டு பணமே வராத கூட்டாக, அறிவும் ஆளும் மட்டும் போய்வரும் கூட்டாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அரசு ஊழியரோ கட்சி நிர்வாகியோ அழைப்பாளர் செலவில் வெளிநாடு போனால், அதற்கு அனுமதி கேட்கும் படிவம் எஃப்சி-2 பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது உள்துறை அமைச்சகத்தில் சேர வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும்.

வருகையும் வேலையும்

போகும் குழுவில் ஐந்து பேர் போதும்: ஆணையர் அல்லது பொறியாளர், சுகாதார ஆய்வாளர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர், ஒரு பெண் கவுன்சிலர், கணக்கர். கணக்கரை விட்டுவிடுகிறார்கள், திரும்பி வந்தபின் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரியாமல் திட்டம் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துக் குழுவை இங்கே அழைக்கும் மாதத்தைப் பார்த்துக் குறியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி வசதி. மீனவர்களோடு பேச வேண்டிய வேலை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமே நல்ல நேரம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வெயிலைத் தாங்கத்தான் வேண்டும். கீழக்கரையில் தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைக்காதீர்கள். விருந்தினர் தங்கும் விடுதி, வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருப்பதால் டிரோன் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே எழுதுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

மாதம் ஒருமுறை காணொளிக் கூட்டம் தவறக் கூடாது. ஜெர்மனி என்றால் நமக்குப் பிற்பகல் 2 மணி. அங்கே குளிர்காலத்தில் காலை 9.30, கோடையில் 10.30. ஜப்பானுக்கு நம் காலை 10 மணி, அங்கே பிற்பகல் 1.30. பேசுவது தலைவர்களாக இருக்க வேண்டியதில்லை. சுகாதார ஆய்வாளரும் அவருக்கு நிகரான அந்த ஊர் அலுவலரும் பேசினால் கூட்டு உயிரோடு இருக்கும்.

கூட்டில் கற்றதைச் செய்து பார்க்கும் சோதனையை ஒரு வார்டில், 300 வீட்டில், 12 வாரம் நடத்துங்கள். வாரந்தோறும் அதே எடைமேடை, அதே கூறுபோடும் முறை. நடுவில் முறையை மாற்றினால் முன்பும் பின்பும் ஒப்பிட முடியாது.

இயந்திரம் இலவசமாகத் தருகிறோம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். உதிரி பாகம் மதுரையிலோ சென்னையிலோ கிடைக்குமா? மூன்றாம் ஆண்டு மின்கட்டணம் எந்தத் தலைப்பில்? உப்புக்காற்றுக்கு எந்தப் பாகம் முதலில் துருப்பிடிக்கும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

ஆணையர் மாறுவார், மன்றத்தின் காலம் ஐந்தாண்டு. அதனால் தீர்மானம், அனுமதிக் கடிதங்கள், எடைக் கணக்கு, கூட்டக் குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்பில், அலுவலகத்தில், தனி எண்ணோடு இருக்கட்டும். மின்னஞ்சலும் அலுவலக முகவரியிலிருந்தே போகட்டும். புது ஆணையர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பை அவர் மேசையில் வைத்து, அடுத்த காணொளிக் கூட்டத்தின் தேதியை அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.