நிறம் மாறாமல் ஒரு டெஸ்ட் ஷூட்

சென்னையில் மாடலாக வேலை தேடத் தொடங்குபவர் முதலில் செய்துகொள்ள வேண்டியது டெஸ்ட் ஷூட். மாடல், ஒளிப்படக் கலைஞர், மேக்கப் கலைஞர் ஆகியோர் ஊதியம் வாங்காமல் ஒரு நாளைச் செலவிட்டு, கிடைக்கும் படங்களை அவரவர் போர்ட்ஃபோலியோவில் (வேலை தேடும்போது காட்டும் படத் தொகுப்பில்) சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

என் முதல் டெஸ்ட் ஷூட் படங்களில் என் கறுப்பு நிறம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. அப்போது அதைப் பார்த்து மகிழவும் செய்தேன். அந்தப் படங்களை அனுப்பிவிட்டு ஒரு நகை விளம்பரத்துக்கான தேர்வுக்குப் போனேன். அங்கிருந்தவர் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழுத்தில் ஒரு மாலையைக்கூட வைத்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். படத்தில் இருப்பவரே நேரிலும் வர வேண்டும் என்பது அன்று எனக்கு உறைத்தது. மாநிறமோ கறுப்போ உள்ள எவருக்கும் அந்த நாள் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒளிப்படக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எடுத்த படங்களில் கறுப்பு நிறத்தவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அதே மாடலின் சாதாரணக் காணொளி ஒன்றைத் தேடி நிறத்தை ஒப்பிடுங்கள். போர்ட்ஃபோலியோ எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்சியை விட்டு விலகிவிடுங்கள். நேர்மையான ஏஜென்சியின் வருமானம், அது வாங்கித் தரும் வேலையின் ஊதியத்தில் எடுக்கும் கமிஷன்தான்.

நாள் குறிப்பதற்கு முன் இடம், நேரம், அணியப்போகும் உடைகள், உடன் வருபவர் யார் என்பவற்றை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், நீங்களே முதல் உரிமையாளர். ஆனால் பணம் கைமாறாத டெஸ்ட் ஷூட்டில் அந்த உரிமை பொதுவாக எடுத்தவரிடமே இருக்கும். ஆகவே உங்கள் படங்களைப் பயன்படுத்த அனுமதி தரும் ரிலீஸ் படிவத்தில் கையெழுத்திடும் முன், படங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு மட்டுமா, விற்கப்படவும் கூடுமா, எத்தனை படங்கள் எந்தத் தேதிக்குள் உங்கள் கைக்கு வரும் என்ற மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும்.

புருவம் திருத்துவதை இரண்டு மூன்று நாள் முன்னரே முடித்துவிடுங்கள். புதிய கிரீம், ஃபேஷியல் எதையும் அந்த வாரத்தில் தொடங்க வேண்டாம். கையில் மருதாணி இருந்தால் எல்லாப் படங்களும் கல்யாணப் படங்களாகத் தெரியும் என்பதால், அது மங்கும் வரை நாளைத் தள்ளிப் போடலாம். பட்டுப் புடவைக்கு முதல் நாளே மடிப்பெடுத்து ஊக்குக் குத்தி வையுங்கள். ஸ்டுடியோவுக்குத் தளர்வான உடையில் போனால் தோலில் நாடாத் தடமும் எலாஸ்டிக் தடமும் விழாது.

போய்ச் சேர்ந்ததும், மேக்கப்புக்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் வெறுஞ்சுவரை ஒட்டி நின்று சில படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: முடியைக் கட்டி நேராக, பக்கவாட்டில், முழு உருவமாக, பின்புறமாக. துறையில் இவற்றைப் போலராய்டு என்றோ டிஜிட்டல்ஸ் என்றோ சொல்வார்கள். தேர்வு நடத்துபவர்கள் கேட்கும் படங்கள் இவை. அதோடு, அன்றைய மற்ற படங்களின் நிறத்தைச் சரிபார்க்கவும் இவையே சாட்சி.

ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தடவிப் பார்ப்பது போதாது. தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் நின்று, அந்தக் கோடு தோலோடு கலந்து மறைகிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் ஷேடு மேக்கப் கலைஞரிடம் இல்லாமல் போகலாம்; நான் இன்றும் எனக்கானதை வாங்கிக் கையோடு கொண்டுபோகிறேன். சிலிகா கலந்த பவுடரும், துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் கண்ணாடியில் சரியாகத் தெரிந்தாலும், ஃபிளாஷ் பட்டதும் முகத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கக்கூடும் என்பதால், முதல் சில படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்கிடுகிறது. அதனால் கறுத்த முகம் படத்தின் பரப்பை நிறைக்கும்போது, தானியங்கி முறையில் படம் தேவைக்கு மேல் வெளுக்கிறது. அதே முகம் வெள்ளைச் சுவரின் முன் சிறிதாக நிற்கும்போது இருண்டுபோகிறது. ஆகவே முகத்தருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து அளவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன்மேல் விழும் மினுமினுப்பு. ஒளியை மென்மையாக்கிப் பரப்பும் பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் கன்ன எலும்பும் கழுத்தும் தெளிவாக எழுந்து வரும். மினுமினுப்பு முழுவதையும் பவுடரால் அடக்கினால் முகம் தட்டையாகிவிடும்.

நிற்கும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழு உருவப் படத்துக்குக் கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தால் கால்கள் குட்டையாகத் தெரியாது. முகப் படத்துக்கு 85 மி.மீ. போன்ற லென்ஸ் நல்லது, ஏனென்றால் அகல லென்ஸுடன் கிட்ட வந்து எடுத்தால் மூக்கு பெரிதாகும். மூக்குத்தி அணிபவர் அதனுடனும் அது இல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களில் பத்துப் பன்னிரண்டு தேறினால் போதும். படங்களைக் கணினியில் ரீடச் செய்து திருத்துவதற்கு முன் என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள்: பருவை நீக்கலாம், கலைந்த முடியை ஒதுக்கலாம், மச்சம், தழும்பு, நிறம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. படங்கள் வந்ததும் முகப் படம் ஒன்றை அச்சிட்டு, காலையில் ஜன்னலருகே கண்ணாடி முன் முகத்தின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வெளுத்திருந்தால், ஷூட் அன்று மேக்கப்புக்கு முன் எடுத்த படத்தை இணைத்து, நிறத்தைத் திருத்தித் தருமாறு அன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.