நாய்க்கு வாசித்துக் காட்டும் பிள்ளைகள்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு நாயைப் பக்கத்தில் வைத்து வாசிப்புப் பழக்கம் கொடுக்க வேலூர், காட்பாடிப் பக்கம் புதிதாகச் சிலர் ஆர்வமாக வருகிறார்கள். கூட உட்கார்ந்து பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான். தடுப்பூசி போடாத நாய் வேண்டாம், முரட்டு நாய் வேண்டாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நாயே பாடம் நடத்தும் என்று நம்புவது

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, நாயால் போகாது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்படியாகச் சொல்லித்தரும் சிறப்பாசிரியரின் வேலை அப்படியே தொடர வேண்டும். நாய் இருந்தால் பயம் தணியும், பிள்ளை வாய் திறக்கும். அவ்வளவுதான், அதுவே பெரிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. நாய் வந்துவிட்டதே என்று மதிப்பீட்டையும் சான்றிதழையும் தள்ளிப்போடாதீர்கள்.

நடுவில் திருத்துவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்பான். வயதான லாப்ரடார் ஒன்று பக்கத்தில் படுத்துக்கொண்டால் மட்டும் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பான். ஒரு நாள் 'கோழி' என்பதைக் 'கேழி' என்று படித்தான். முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பைப் பார்த்தவன், பின்னால் வரும் காலை விட்டுவிட்டான். ஒரே ஒலிக்கான குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. ஜன்னலோரம் நின்ற அம்மா, "கேழி இல்லடா, கோழி! எத்தனை தடவை சொல்றது?" என்றார். பையன் நாயைப் பார்த்தான், புத்தகத்தை மூடினான். அதற்கப்புறம் பல வாரம் நாயின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே தவிர, ஒரு வரி வாசிக்கவில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் முன்கூட்டியே விளக்கவில்லை. ஆனால் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறவர்களும் இதையே செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாய் கேட்கும், திருத்தாது. இந்த முறைக்கு உயிரே அதுதான். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-இல் நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியதும் இதை நம்பித்தான். பிள்ளை நாய்க்கு வாசிக்கும்போது ஒரு பெரியவர் குறுக்கே புகுந்து திருத்தினால் அது இன்னொரு வகுப்பறை ஆகிவிடும். பிள்ளைக்கு இருந்த ஒரே ஒதுங்கிடமும் போய்விடும்.

தவறிய சொல்லை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், கொம்பும் காலும் மறுநாள் சிறப்பாசிரியரின் பாடத்தில் வரட்டும். பிள்ளை திணறி உங்களை நிமிர்ந்து பார்த்தால் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். பொருள் புரிந்ததா என்று தெரிய வேண்டுமா? "இவனுக்குப் புரியலையாம், நீ சொல்றியா கண்ணு?" என்று நாய்க்காகக் கேளுங்கள். பெற்றோரை அடுத்த அறையில் உட்கார வையுங்கள். மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அசையாத நாயைச் சாது என்று எண்ணுவது

உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணோரம் வெள்ளை தெரிவது. இதெல்லாம் நாய் 'போதும்' என்று சொல்வது. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ள, உடம்பு விறைத்து நிற்கிறது நாய். பெரியவர்கள் "பாருங்க, எவ்வளவு சாது!" என்று போட்டோ எடுக்கிறார்கள். அடுத்து வருவது உறுமலோ கடியோதான். பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கிறது என்று நினைக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. அதனால் நாயைக் கவனிக்க ஓர் ஆள், பிள்ளையைக் கவனிக்க இன்னோர் ஆள் கட்டாயம். நாய் எழுந்துபோக வழி விட்டிருக்க வேண்டும். போனால் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

வீட்டில் கேட்காமல் தொடங்குவது

ஆம்பூர், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு என்று நம் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. நாயின் எச்சில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும் என்பது பல வீடுகளில் வழக்கம். முதல் நாளே கேட்டுவிடுங்கள். அந்த வீடுகளில் பூனைக்குத் தடை இருக்காது. சாதுவான பூனையும் நன்றாகவே கேட்கும்.

கத்திரி வெயிலில் நடத்துவது

கூடவே கூடாது. வேலூர் சிமெண்ட் தரையில் நாயின் பாதம் வெந்துபோகும்.

நாயைப் பரிசாக்குவது

"ரெண்டு பக்கம் படிச்சாத்தான் நாய்" என்றால், அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் கிடைக்காமல் போகும்.

நகக்கீறல்தானே என்று விடுவது

நாய் தடுப்பூசி போட்டதாகவே இருக்கட்டும். கீறலையும் கடியையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி தேவையா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.