எதிலிருந்து அளந்தீர்கள்? கடல் பேரிடர் மாநாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேசப் போனபோது எனக்குக் கிடைத்தது 12 நிமிடம். சுனாமி நீர் எங்கெங்கே எவ்வளவு உயரம் ஏறியது என்று வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் தடுமாறிவிடுமோ என்ற பயத்தில் மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். பேச்சு தடுமாறவில்லை. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "4.2 மீட்டர் என்கிறீர்கள். எதிலிருந்து 4.2 மீட்டர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுச் சுவரில் இருந்த நீர்க்கறையைத் தரையிலிருந்து நாடா பிடித்து அளந்தது பாதி, கருவி காட்டிய உயரம் மீதி. இரண்டும் ஒரே அட்டவணையில் கலந்து கிடந்தன. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் இத்தகைய கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துத் தேர்வு செய்யும் வேலையும் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து இளைஞர்கள் ஆங்கிலத்துக்கும் ஸ்லைடுக்கும்தான் பயப்படுகிறார்கள். மாட்டிக்கொள்வதோ பெரும்பாலும் அந்தப் பெரியவர் என்னைப் பிடித்த அதே இடத்தில்.

அலை உயரம் என்றால் எந்த உயரம்?

2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமியைப் பற்றி "40 மீட்டர் அலை" என்று பலரும் எழுதுகிறார்கள். 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர்ச் சுவர் நிமிர்ந்து வந்ததாகப் படிப்பவர் கற்பனை செய்துகொள்கிறார். அது ஏறிய உயரம். அதாவது, கரையேறிய தண்ணீர் கடைசியாகத் தொட்டு நின்ற இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்ற கணக்கு. இவாதே மாகாணத்தில் மியாகோ பக்கத்துக் குறுகிய பள்ளத்தாக்குகளில் நெருக்குண்ட நீர் அவ்வளவு தூரம் மேலே ஏறியது.

கரையோரத்தில் அலையின் உயரம், நின்ற இடத்தில் தரைக்கு மேல் நீரின் ஆழம், ஏறிய உயரம், உள்ளே வந்த தூரம் என நான்கும் நான்கு அளவுகள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் லோக்ங்கா பகுதியில் நீர் 30 மீட்டருக்கு மேல் ஏறியது. தமிழகக் கரையில் பெரும்பாலும் 5 மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோதான். அதை மட்டும் பார்த்தால் இங்கே சேதம் சிறிது என்று தோன்றும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். மேடே இல்லாத தட்டை நிலத்தில் தண்ணீர் ஏறுவது குறைவு, பரவுவது அதிகம். அதனால் நாகையைப் பற்றிப் பேசுகிறவர் உள்ளே வந்த தூரத்தையும் நீரின் ஆழத்தையும் காட்ட வேண்டும். ஏறிய உயரத்தை மட்டும் காட்டிவிட்டு இறங்கினால் பாதிக் கதைதான்.

பூஜ்யங்கள் பல

கடல்மட்டம் என்று ஒரே கோடு இருப்பதாக நினைப்பது அடுத்த தவறு. கப்பல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த வற்றத்தை, அதாவது கடல்நீர் மிகவும் இறங்கி நிற்கும் நிலையை, ஒட்டிய மட்டத்திலிருந்து அளந்தது. கப்பல் தரைதட்டக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடு. நில அளவைத் துறையின் உயரங்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தவை. இரண்டையும் அப்படியே ஒட்டி ஒரு கணினி மாதிரி செய்தால், கரையும் கடலும் சேரும் இடத்தில் இல்லாத படிக்கட்டு ஒன்று முளைக்கும். சென்னையில் அந்தப் படி அரை மீட்டரைத் தாண்டும். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், 10 மீட்டர் வரை போகும் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பல மீட்டர்.

ஜிபிஎஸ் தரும் உயரம் இன்னொரு கதை. அது பூமியை ஒழுங்கான ஒரு நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, நீள்வட்டத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. தமிழகக் கடற்கரையில் நின்று ஜிபிஎஸ் கருவியின் மூல உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 80, மைனஸ் 90 என்று காட்டும். அதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், நல்ல கருவி அது.

இலவசமாகக் கிடைக்கும் தரவுகளிலும் இதே கவனம் வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த நில உயரத் தரவில் மரக்கிளைகளும் கூரைகளும் தரையோடு சேர்ந்தே வரும். தென்னந்தோப்பு உள்ள ஊர் உள்ளதைவிட மேடாகத் தெரியும். அதன் மேல் வெள்ளத்தை ஓடவிட்டால் ஊர் தப்பித்துவிடும், கணினியில் மட்டும். உலகக் கடல் ஆழத் தரவான கெப்கோவின் ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர். முகத்துவாரம், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு இவையெல்லாம் அதற்குள் கரைந்து போகும். பெருங்கடலைத் தாண்டிவரும் சுனாமிக்கு அது போதும். மீன்பிடித் துறைமுகத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல அது போதாது.

எத்தனை மணிக்கு, எந்த ஆண்டிலிருந்து

கருவிகள் பதிவு செய்வது பெரும்பாலும் சர்வதேச நேரத்தில். இந்திய, இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைவெளி ஆறேகால் மணி அளவு. அந்த ஐந்தரை மணியை மறந்தால் ஏற்றம் ஏறக்குறைய வற்றமாகிவிடும். கோடு அழகாகத்தான் வரும், அதுதான் ஆபத்து. சுனாமியின் ஏறிய உயரத்தைச் சொல்லும்போது, அலை வந்த நேரத்தில் கடல் எந்த மட்டத்தில் இருந்தது என்று பார்த்து அதைக் கழித்துக் கொடுப்பது மரபு. நேரம் தவறினால் கழித்தலும் தவறு.

செயற்கைக்கோள் படத்தில் கரையோரக் கோடு வரைகிறவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் மணற்பரப்பில், கடல்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் நீர்விளிம்பு 20 மீட்டர் உள்ளே நகரும். 1990 படம் வற்றத்தில் எடுத்தது, 2020 படம் ஏற்றத்தில் எடுத்தது என்றால் மணல் ஒரு பிடிகூடக் கரையாமலே அரிப்பு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என்று வைத்து ஒப்பிடுவதும் இப்படித்தான்.

சராசரி எடுப்பதிலும் பொய் நுழையும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததால் மெரினா அகன்றது, ராயபுரம் கரைந்தது. இரண்டையும் கூட்டி வகுத்து "சென்னைக் கரை நிலையாக உள்ளது" என்று ஸ்லைடில் போட்டால், ராயபுரத்துக்காரர் அந்த அரங்கில் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

கடல்மட்ட உயர்வுக்கும் தொடக்க ஆண்டு வேண்டும். 2100-க்குள் 0.63 முதல் 1.01 மீட்டர் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை சொல்வது, பசுங்குடில் வாயு வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடரும் பாதைக்கு. அடிப்படை 1995 முதல் 2014 வரையிலான சராசரி. பாதையையும் அடிப்படையையும் விட்டுவிட்டு "ஒரு மீட்டர் உயரும்" என்று மட்டும் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கரையில் நட்ட ஓத அளவி காட்டுவது, நிலத்தைப் பொறுத்துக் கடல் எங்கே இருக்கிறது என்பதை. நிலம் இறங்கினாலும் அது கடல் உயர்ந்ததாகவே காட்டும். 2004 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. அங்கே எடுத்த பதிவை அப்படியே பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியுமா?

அடுத்த சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புயல் காற்றின் வேகத்தை இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. அமெரிக்காவின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது பத்து நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண் வரும், மூன்றும் சரி, ஒரே அட்டவணையில் வந்தால் மூன்றும் தப்பு. கடலில் கலக்கும் பொடிப் பிளாஸ்டிக் துகளான நுண்நெகிழியிலும் அப்படித்தான்: ஒருவர் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை துகள் என்கிறார், இன்னொருவர் கன மீட்டருக்கு, மூன்றாமவர் ஒரு கிலோ மணலுக்கு. துகளை அள்ளிய வலையின் கண் அளவையும் சொல்லாவிட்டால் எந்தக் கடற்கரை அழுக்கு என்ற போட்டிக்கு அர்த்தமில்லை.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை

"நூறு ஆண்டு வெள்ளம்" என்பதைக் கேட்டதும், ஒருமுறை வந்தால் இன்னும் 99 ஆண்டுக்குக் கவலையில்லை என்று அரங்கில் பாதிப்பேர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். அப்படியே சொன்னால் மாவட்ட ஆட்சியருக்கும் புரியும். 25 ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு 500 ஆண்டு வெள்ளத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது இலக்கத்துக்கு எங்கிருந்து தைரியம் வருகிறதோ.

அறிவிப்பில் சொல்லும் எண் நேரே உயிரைத் தொடும். 2011-இல் ஜப்பானிய வானிலை முகமை நிலநடுக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குள் எச்சரித்தது. முதல் அறிவிப்பில் மியாகி மாகாணத்துக்கு 6 மீட்டர், இவாதேவுக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் என்றார்கள். பிறகு உயர்த்தினார்கள், ஆனால் மூன்று மீட்டர்தானே என்று நின்றுவிட்டவர்களை அந்தத் திருத்தம் எட்டவில்லை. 2013 முதல் முறையை மாற்றிவிட்டார்கள். 8 அளவுக்கு மேற்பட்ட மாபெரும் நிலநடுக்கம் என்று தோன்றினால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கு கிடையாது. "மிகப் பெரியது" என்று மட்டும் வரும். தெரியாத எண்ணைச் சொல்லாமல் விடுவதும் அறிவியல்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்லிலும் கவனம்

2013 நவம்பர் 8 அன்று ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் டாக்லோபான் நகரைத் தாக்கியது. புயலால் கடல் எழும் என்று எச்சரிக்கை போயிருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். நாட்டில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் அறிக்கைகளில் "புயல் எழுச்சி" என்று எழுதுகிறோம். குப்பத்தில் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். "புயல் கடல் தண்ணியை ஊருக்குள்ள தள்ளும்" என்றால் போதும்.

எதிர்த்திசையிலும் சொல் பயணம் செய்யும். காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கடல் திடீரென்று ஏறி வருவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலில் பிறந்த நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து செய்யும் வேலை அது. அந்தப் பெயரை யுனெஸ்கோ 2012-இல் அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. நாம் அதைக் "கடல் சீற்றம்" என்று எழுதுகிறோம். சீற்றம் என்றால் மக்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், வானம் தெளிவாக இருக்கிறது, கரையில் இறங்குகிறார்கள்.

கூட்டம் எது, யாருடையது

எல்லா சர்வதேசக் கூட்டமும் ஒன்றல்ல. கடற்கரைப் பொறியியலாளர்களின் மாநாடு 1950-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தொடங்கி, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அங்கே நீங்கள் ஆய்வாளர். யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம், 2004-க்குப் பிறகு, இந்தியப் பெருங்கடல் சுனாமி எச்சரிக்கைக்கு ஒரு குழு அமைத்தது. அதன் கூட்டத்தில் உட்காருபவர்கள் நாடுகளின் பிரதிநிதிகள். அங்கே "எச்சரிக்கை" என்ற சொல்லைக் கண்டபடி விட முடியாது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு மையங்கள் அபாயத் தகவலை மற்ற நாடுகளுக்கு அனுப்பும். மக்களை எச்சரிப்பது அந்தந்த நாட்டு அரசின் உரிமை. இதை மறந்து "நாங்கள் பக்கத்து நாட்டை எச்சரித்தோம்" என்று ஸ்லைடு போட்டால் பக்கத்து நாட்டுக்காரர் முகம் மாறும்.

மூன்றாவது வகை போலி மாநாடு. முன்பின் தெரியாத மின்னஞ்சலில் உங்களைச் சிறப்புப் பேச்சாளர் என்று புகழ்ந்து, கூடவே கட்டணமும் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஒரே கூட்டத்தில் புற்றுநோயும் பவளப்பாறையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் 4.2 மீட்டருக்கு வருகிறேன். ஊர் திரும்பி அந்த இடங்களையெல்லாம் மறுபடி அளந்தோம். சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றினோம். கறையின் உயரம் தனி, ஏறிய உயரம் தனி என்று பிரித்தோம். எண் 3.1 ஆனது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவருக்குப் புதிய அட்டவணையை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. முதல் வரியில் நன்றி. இரண்டாவது வரியில், அலை வந்த நேரத்து ஓதத்தைக் கழித்தீர்களா, அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்று கேட்டிருந்தார்.