இரண்டு சினி பிரைம் லென்ஸ், உள்ளே ஒரே கண்ணாடியா? கழற்றாமல் கண்டுபிடிக்கும் முறை

மதுரையில் குறும்படம் எடுக்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, ரெண்டுமே 85 எம்எம், ரெண்டுமே டி1.5, அப்புறம் ஏன் ஒண்ணுக்கு மட்டும் வாடகை கூட?" கண்ணாடியையும் அதைச் சுமக்கும் இயந்திரத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினால் பதில் தானாக வரும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம். கேமராவில் மாட்டும் மவுண்டுக்கு அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், அதில் ஒன்று மாறினாலும் இன்ஃபினிட்டி, அதாவது வெகு தூரத்துப் பொருளின் ஃபோக்கஸ், போய்விடும்.

சாம்யாங் கம்பெனியின் 85 எம்எம் டி1.5, அதே கம்பெனியின் ஸீன் 85 எம்எம் டி1.5, இந்த இரண்டையும் வைத்துப் பார்ப்போம். இரண்டுமே சினி பிரைம், அதாவது சினிமாவுக்கென்று செய்த, ஜூம் இல்லாத லென்ஸ்.

முதலில் விவரத்தாள். இரண்டிலும் 9 எலிமெண்ட், 7 குரூப் என்று இருக்கும். எலிமெண்ட் என்றால் ஒரு கண்ணாடித் துண்டு. துண்டுகளை ஒட்டியிருந்தால் அவை சேர்ந்து ஒரு குரூப், தனியாக நிற்கும் துண்டும் ஒரு குரூப்தான். சாம்யாங்கின் போட்டோ லென்ஸான 85 எம்எம் எஃப்1.4-லும் இதே கணக்குதான். எஃப் என்பது ஃபோக்கல் நீளத்தையும் துளையின் அளவையும் வைத்துப் போட்ட கணக்கு, டி என்பது கண்ணாடியைத் தாண்டி உண்மையிலேயே வந்து சேரும் ஒளி. எஃப்1.4 லென்ஸில் சுமார் 87 சதவீத ஒளி கடந்தால் அது டி1.5.

எண் ஒத்துப்போவதை மட்டும் நம்பாதீர்கள். அடுத்து டார்ச் சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அறையை இருட்டாக்கி, இரண்டு லென்ஸையும் இன்ஃபினிட்டியில் வைத்து, ஐரிஸை, அதாவது ஒளி புகும் துளையை, முழுக்கத் திறந்து, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முன்பக்கமாக உள்ளே பாருங்கள். பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் ஆழத்துக்குள் வரிசையாகத் தெரியும். காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒரு பொட்டு. 7 குரூப் என்றால் 14 பரப்பு. ஒட்டிய இடத்தில் வருவது மிக மங்கல். இப்போது டார்ச்சை மெதுவாக நகர்த்துங்கள்: சில பொட்டு கூடவே வரும், சில எதிர்ப்பக்கம் ஓடும், ஏனென்றால் ஒன்று வெளியே புடைத்த பரப்பு, இன்னொன்று உள்ளே குழிந்தது. பொட்டின் இடமும் ஓட்டமும் கண்ணாடியின் வடிவத்தைச் சொல்லும், நிறம் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கைச் சொல்லும். நிறம் மாறி ஓட்டம் ஒன்றாக இருந்தால் வடிவமைப்பு ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஐரிஸ் துளையைச் சுருக்கும் பிளேடை எண்ண, இரவில் ஏ.வி. பாலத்துத் தெருவிளக்கை டி11-ல் எடுங்கள், விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர் தெரியும். பிளேடு இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. சாம்யாங்கில் 8 பிளேடு, ஆக 8 கதிர். ஸீனில் 11, ஆக 22.

பிறகு ஃபோக்கஸ் ரிங். ஸீனில் அது 200 டிகிரி சுற்றும், அதனால் ஃபோக்கஸை நுணுக்கமாக நகர்த்தலாம். முன்வளையம் 114 மிமீ, செட்டில் லென்ஸை மாற்றினாலும் முன்னால் வெளிச்சம் மறைக்க மாட்டும் மேட் பாக்ஸ் அப்படியே பொருந்தும். சாம்யாங்கில் சுற்று குறைவு, முன் ஃபில்டர் அளவு 72 மிமீ. ஃபோக்கஸ் கருவி வந்து கடிக்கும் கியர் பல்லின் அளவு இரண்டிலும் 0.8 தான். ரிங்கை ஏசி அறையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், கிரீஸ் இளகினால் விரலுக்கே தெரியும்.

ஆக, நீங்களே கேமராவும் ஃபோக்கஸும் பார்க்கிற கல்யாண வேலைக்குச் சாம்யாங் தாராளமாகப் போதும். ஃபோக்கஸை மட்டும் பார்க்கிற ஃபோக்கஸ் புல்லர் தனியாக இருக்கிற படப்பிடிப்பு என்றால் அந்தக் கூடுதல் வாடகையைக் கொடுங்கள், நீங்கள் காசு கொடுப்பது அந்த 200 டிகிரிக்கு.